மூளை அணிக்குப் பேசிய நாள்

மைக் முன்னால் நின்றுவிட்டால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பாம்பனில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். ராமநாதபுரத்தில் வீடு. தினமும் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருகிறேன். அது வயிற்றுப்பாட்டுக்கு. லீவு நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பட்டிமன்றம் பேசுகிறேன். அது கைதட்டலுக்கு. இரண்டில் எது பிடிக்கும் என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும்.

பட்டிமன்றம் பேசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டம் கொட்டாவி விட்டால் உடனே வீட்டு ஆட்களைப் பிடித்து மேடைக்கு இழுத்துவிடுவோம். பெண்டாட்டி சுட்ட தோசை, மாமியார் போட்ட சண்டை, மச்சினன் வாங்கிய பைக். பாதி உண்மை, பாதி புளுகு. கேட்பவர்களுக்கும் அது தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கும் பழகிவிடும். கடலாடியில் ஒருமுறை என் மனைவி வைத்த ரசத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். முன்வரிசையில் உட்கார்ந்து அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அதே ரசத்தை ஊற்றினாள். அதோடு அது தீர்ந்தது. ஆனால் அக்கா விஷயம் அப்படித் தீரவில்லை.

எனக்கு ஒரே அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆர்.எஸ்.மங்கலத்துப் பெரிய கண்மாயின் பாசனத்தில் இருக்கிறது எங்கள் கிராமம். நெல் விவசாயம். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு பிரிவினை நடந்தது. நிலத்தை யாரும் பிரிக்கவில்லை. மூளை எனக்கு, கை அவளுக்கு என்று எங்களைத்தான் பிரித்தார்கள். நான் புத்தகத்தைத் திறந்தால் அய்யா, எங்கள் அப்பா, ரேடியோவை நிறுத்துவார். அக்கா புத்தகத்தைத் திறந்தால், "ஏத்தா, மோட்டாரு நின்னுபோச்சு பாரு, வா" என்று கிணற்றுக்குக் கூப்பிடுவார். அவள் பத்தாவதோடு நின்றாள். ஃபெயிலாகி நிற்கவில்லை, நிறுத்தினார்கள். அவளுடைய கணக்கு மார்க் என் மார்க்கைவிட நான்கு அதிகம். இந்த நான்கு மார்க்கை நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அய்யாவோடு கிணற்றடியில் நின்று நின்று அவளுக்கு மோட்டார் பழகிவிட்டது. காதை வைத்தே சொல்வாள், தண்ணீர் இறங்கிவிட்டதா, பேரிங் போய்விட்டதா, கரண்ட் குறைவாக வருகிறதா என்று. ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "ஏலே, மூணு ஃபேஸ்ல ஒண்ணு போயிட்டா மோட்டாரு சுத்தாம எதுக்குடா உறுமுது?" நான் அப்போது எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். சுழல்கிற காந்தப்புலம், கட்ட வேறுபாடு என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவள் சொன்னாள்: "அப்ப ராட்டினம் மாதிரின்னு சொல்லு. மூணு பேரு சுத்தி நின்னு மாத்தி மாத்தித் தள்ளுனா சுத்தும். ஒருத்தன் போயிட்டா மத்தவுக அங்கிட்டும் இங்கிட்டும் இழுத்து மல்லுக்கட்டுவாக. சூடுதான் ஏறும்." பதினெட்டு வருஷமாக நான் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாம்பன் பிள்ளைகள் அதை "சாரோட ராட்டினம்" என்கிறார்கள். யாருடைய ராட்டினம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

எங்கள் ஊரின் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவருக்கு டேங்க் ஆபரேட்டர் என்று பெயர். முன்பு இருந்தவருக்குச் சர்க்கரை வந்து கண் மங்கிவிட்டது. வேலை அவர் பெயரில் இருந்தது, வேலையைச் செய்தது அக்கா. காலையில் போய் மோட்டார் போடுவாள், தொட்டி நிறைந்ததும் நிறுத்துவாள், குழாய் வால்வைத் திருகித் தெருவுக்குத் தெரு தண்ணீர் விடுவாள். நான்கு வருஷம் இப்படியே ஓடியது. இந்தச் சித்திரையில் அவர் ஒரேயடியாக நின்றுவிட்டார். ஊராட்சியில் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அக்கா அதற்கு எழுதிப்போட நினைத்தாள். எனக்குப் போன் போட்டு எப்படி எழுத வேண்டும் என்று கேட்டாள். நான்தான் விண்ணப்பத்தைத் தயார்செய்து கொடுத்தேன்.

"எனக்கு ஒரு நோட்டு வேணும்டா" என்றாள். என்ன நோட்டு என்று புரியாமல் கேட்டேன். "மோட்டாரு எத்தன மணிக்குப் போட்டது, எத்தன மணிக்கு நிப்பாட்டுனதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவாகள்ல, அந்த நோட்டு. நாலு வருசமா நாந்தேன் எழுதுறேன், அவரு கையெழுத்துப் போடுறாரு. நானே போட்டுப் பாக்கணும்." அவ்வளவுதான் அவள் கேட்டது. அவள் இப்படி வாய்விட்டு ஒன்றைக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆடியில் எங்கள் அம்மன் கோயில் முளைப்பாரி. இரவு வள்ளி திருமண நாடகம் என்பதால் பட்டிமன்றத்தைச் சாயங்காலம் நான்கு மணிக்குப் போட்டுவிட்டார்கள். விழாக் கமிட்டியில் இப்போது படித்த பையன்கள். மாமியாரா மருமகளா என்று கேட்டு அவர்களுக்குச் சலித்துவிட்டதாம். அறிவியலாக ஒரு தலைப்பு வேண்டும் என்றார்கள். "மனித குலத்துக்குப் பெரிதும் உதவியது விஞ்ஞானிகளின் மூளையா, கண்டுபிடிப்பாளர்களின் கையா?" என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். எனக்கு மூளை அணி. வேறு எந்த அணி கிடைக்கும்!

நடுவர் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். எடுத்த எடுப்பிலேயே ஒரு சட்டம் போட்டார். "நம்ம மாவட்டத்துத் தீவுல பொறந்து ராக்கெட் விட்டவர யாரும் இழுக்கக் கூடாது. அவரு ரெண்டு அணிக்கும் பொது." கூட்டம் விசிலடித்தது. என் கையில் இருந்த குறிப்பில் முதல் பக்கம் முழுக்க அவர்தான். அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கை அணிக்குப் பேச வந்தவர் பரமக்குடி வக்கீல். மனுஷன் நன்றாகவே பேசினார், இப்போது ஒத்துக்கொள்கிறேன். "ஆப்பிள் விழுந்ததப் பாத்து யோசிச்ச மகான் ஒரு பூனை வளர்த்தாராம். பூனை வந்து போகக் கதவுல ஒரு ஓட்டை போட்டாரு. பூனை குட்டி போட்டுச்சு. உடனே பக்கத்துலயே சின்னதா இன்னொரு ஓட்டை! பெரிய ஓட்டை வழியா குட்டியும் போகும்னு அந்த மூளைக்குத் தெரியல, நடுவர் அவர்களே. எங்க ஊரு தச்சருக்குத் தெரியும்!" கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. அது யாரோ கட்டிவிட்ட கதை என்று எனக்குத் தெரியும். கூட்டத்துக்கு அது தேவையில்லாத விவரம்.

"பல்பு எரியலேன்னா ஆப்பிள் விழுந்தது இருட்டுல யாருக்குத் தெரியும்? டெலிபோன் செஞ்சவரு, விமானம் செஞ்ச சைக்கிள் கடைச் சகோதரர்கள், இவங்க கையில இருந்தது ஸ்பேனர், நடுவர் அவர்களே, பேனா இல்ல!" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

நான் எழுந்து ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பல்புக்காரர் எத்தனையோ இழைகளை எரித்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார், சரி. ஆனால் அந்த இழைக்குள் ஓடுகிற மின்சாரத்தை இயந்திரத்தால் உண்டாக்க முடியும் என்று அவருக்கு முன்னாலேயே ஒருவர் கண்டு சொல்லியிருந்தார். காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குள் தள்ளி இழுத்துப் பார்த்தவர் அவர். அவர் சொன்னதை இன்னொருவர் சமன்பாடுகளாக எழுதினார். பின்னால் வந்த ரேடியோ, டி.வி., உங்கள் கையில் இருக்கும் செல்போன் எல்லாம் அந்தச் சமன்பாடுகளுக்குக் கட்டுப்பட்டவை. பல்புக்காரரின் பல்பு இன்று எந்த வீட்டிலும் இல்லை, எல்.இ.டி. வந்துவிட்டது. சமன்பாடு அப்படியே இருக்கிறது. கருவி பழசாகும், கருத்து பழசாகாது.

நல்ல வாதம்தான். ஆனால் காந்தக்காரரைப் பற்றி ஒன்றை நான் மறைத்தேன். அவர் புத்தகம் பைண்டிங் செய்கிற இடத்தில் வேலை பார்த்தவர். பெரிய கணக்கெல்லாம் அவருக்கு வராது. கையால் செய்து செய்து பார்த்தே கண்டுபிடித்தவர். அவரை நியாயமாக எந்த அணியில் சேர்ப்பது? எனக்கு அது தெரியாமல் இல்லை. அணிக்கு ஆகாத உண்மையைப் பேசாமல் விட்டுவிடுவது எங்கள் தொழிலில் கெட்டிக்காரத்தனம்.

சமன்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டம் கலைய ஆரம்பித்தது. பிள்ளைகள் ஐஸ் வண்டிக்கு ஓடின. முன்வரிசையில் ஊராட்சித் தலைவர் பக்கத்து ஆளோடு பேச ஆரம்பித்தார். வக்கீல் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த ஊரில், சொந்தச் சனத்தின் முன்னால், பரமக்குடிக்காரரிடம் தோற்பதா! பெண்கள் பக்கம் பார்த்தேன். அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவர் அவர்களே, மூளையில்லாத கை என்ன செய்யும்னு எதுக்கு வெளிநாட்டுல தேடணும்? எங்க வீட்டுலயே ஒரு கண்டுபிடிப்பாளர் இருக்காங்க. அந்தா உக்காந்திருக்காங்க, எங்க அக்கா!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சிரித்தாள். நான் ஏதோ பெருமையாகச் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

"நான் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருக்கேன். மத்தியானம், வெயில்னா வெயில். ஃபேன் நின்னுபோச்சு. ஃபியூஸ் போயிருச்சு. அக்கா என்ன பண்ணுச்சு? தலையில இருந்த கொண்டை ஊசிய உருவி, ஃபியூஸ் கட்டையில சொருகி, சுச்சப் போட்டுச்சு. ஃபேன் சுத்துச்சு! கூடவே மெயின் போர்டும் புகைஞ்சுச்சு! அன்னைக்கு வீடே எரிஞ்சிருக்கும். பல்புக்காரர் ஊரு பூராவும் வெளக்கேத்துனாரு. எங்க அக்கா ஊரையே கொளுத்தப் பாத்துச்சு!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ஐஸ் வண்டிக்குப் போன பிள்ளைகள் ஓடி வந்தன. தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். வக்கீல்கூடக் கைதட்டினார். நான் அடுத்த கதைக்குப் போய்விட்டேன். நடுவர் வழக்கம்போல, மூளையும் கையும் சேர்ந்ததே மனித குலத்தின் வெற்றி என்று தீர்ப்புச் சொல்லி எல்லோருக்கும் துண்டு போட்டார். இறங்கி வந்து தேடினேன். அக்கா போய்விட்டிருந்தாள்.

நடந்தது என்ன என்று இப்போது எழுதுகிறேன். அந்த ஊசியைச் சொருகியவன் நான். கொடியில் தொங்கிய அக்காவின் பாவாடையில் குத்தியிருந்த கொண்டை ஊசியை எடுத்துச் சொருகினேன். ஃபியூஸ் கம்பி எதற்காக மெல்லியதாக இருக்கிறது என்று மறுவாரம் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதப் போகிறவன், அதைச் செய்தேன். புகை வந்ததும் அலறினேன். அக்கா ஓடி வந்து காய்ந்த கம்பால் மெயினைத் தட்டிவிட்டாள். கருகிய வயரை நறுக்கி, சரியான கம்பி போட்டு, ஃபேனை ஓட வைத்தவள் அவள். அய்யா வயலிலிருந்து வந்தார். போர்டைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். யார் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கரண்டில் கை வைக்கிறவள் ஒருத்திதான், ஊசியும் அவளுடையது. ஓங்கி அறைந்துவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருஷமாக எங்கள் வீட்டில் அது அக்கா செய்த காரியம்தான். மேடையில் சொல்லும்போது அது புளுகு என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. என் கேடுகெட்டத்தனம் அந்த அளவுக்கு எனக்குப் பழகியிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். வா என்றாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றும்போதுதான் கேட்டேன், ஆபரேட்டர் வேலை என்னாயிற்று என்று.

"வேற ஆளுக்குப் போயிருச்சு."

யாருக்கு என்றேன். தலைவரின் சொந்தக்காரர் ஒருவருக்காம். மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது, கற்றுக்கொள்வார் என்றார்களாம். எனக்கு ரத்தம் கொதித்தது. "அது எப்படி? நாலு வருசம் நீ பாத்திருக்க. நான் போய்க் கேக்குறேன்" என்று குதித்தேன்.

"என்னன்னு கேப்ப?" என்றாள். கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். "நானும் போய்க் கேட்டேன்டா. தலைவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'ஏம்மா, ஒன் கூடப்பொறந்த தம்பி, பிசிக்ஸ் வாத்தியாரு, மைக்கப் பிடிச்சு ஊரு முன்னாடி சொல்றாரு, எங்க அக்கா கொண்டை ஊசியச் சொருகி வீட்டக் கொளுத்தப் பாத்துச்சுன்னு. ஒன்னைய நம்பி ஊருத் தண்ணியக் குடுத்து நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைய யாரு விடுவா?' அங்கன நிக்கிற பொம்பளைகளும் சிரிக்கிறாளுக. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அவர் தன் ஆளைப் போட முன்பே முடிவு செய்திருப்பார், இது ஒரு சாக்கு என்றேன். "இருக்கட்டும். சாக்கக் குடுத்தது யாரு?" என்றாள்.

நான் இலையைப் பார்த்தேன்.

"அன்னைக்கு அய்யாகிட்ட நீ சொல்லல. சரி, சின்னப் பய, பயந்துட்டன்னு விட்டேன். இப்ப ஒனக்கு என்னடா பயம்? ஒரு கைதட்டுக்கு என்னையக் கொண்டுபோய் வித்துட்டியே." அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. மோர் ஊற்றினாள். சாப்பிட்டு முடிக்கிறவரை நின்றாள்.

அந்த வாரம் வகுப்பில் ஒரு பாடத்தின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது, கோள் ஒன்றைக் கண்டுபிடித்த வானியல்காரரைப் பற்றி. அவருக்கு ஒரு தங்கை. அவர் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்கும்போது கையை எடுக்க முடியாதாம், தங்கைதான் சோறு ஊட்டுவாராம். அண்ணன் பார்த்துச் சொல்லச் சொல்லக் கணக்கெல்லாம் எழுதியவர் தங்கை. பிறகு தானே வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்திருக்கிறார். இது எனக்குப் பல வருஷமாகத் தெரியும். பட்டிமன்றக் குறிப்பில்கூட எழுதி வைத்திருந்தேன். கூட்டம் சிரிக்காது என்று அடித்துவிட்டேன். அந்த அண்ணன் பெரிய அறிவாளியா, தங்கை பெரிய அறிவாளியா என்று ஒரு பிள்ளை கேட்டாள். யாருக்கு யார் சோறு ஊட்டினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்று சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பல்புக்காரரின் கூடத்தில் எத்தனையோ பேர் வேலை செய்திருக்கிறார்கள். ஒருவர் பெயர்தான் பல்பில் ஒட்டிக்கொண்டது. மாறுமின்சாரத்துக்காக அவரோடு மல்லுக்கு நின்றவர், இன்று ஊர் முழுக்க ஓடுவது அவருடைய முறை மின்சாரம் என்றாலும், கடைசிக்காலத்தில் ஓட்டல் அறையில் புறாக்களோடு கிடந்தார். யார் பெரிய மூளை, யார் விட்டுச்சென்றது அதிகம் என்று நாம் மார்க் போடுகிறோமே, அந்த விடைத்தாளில் பாதிப் பக்கங்களை யாரோ கிழித்து எடுத்துவிட்டுத்தான் நம்மிடம் தருகிறார்கள். கிழிக்கிறவர்களில் நானும் ஒருவன்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கிராம சபை. அங்கே எழுந்து உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. பள்ளியில் கொடியேற்றியதும் ஓடி வந்து பஸ் பிடித்து, ராமநாதபுரத்தில் இறங்கி மாறி, ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் பாதி முடிந்துவிட்டது. வேப்ப மரத்தடியில் நாற்காலிகள். தலைவரும் செயலரும் மேசை முன்னால். பெண்கள் தனியாகத் தரையில். மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். புது ஆபரேட்டர் ஒரு ஃபேஸ் இல்லாமல் மோட்டாரை ஓட்டிக் கம்பிச்சுருளை எரித்துவிட்டார். முதல் நாள் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நான் ஊசி சொருகுறவ. எனக்கு என்ன தெரியும்?" என்று கதவைச் சாத்திவிட்டாளாம். ஊருக்கு இப்போது அவள் மேலேயும் கோபம். "தண்ணி விசயத்துல இம்புட்டுத் திமிரு ஆகாது" என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அக்கா பெண்கள் வரிசையின் கடைசியில் குனிந்தபடி இருந்தாள்.

நான் கையைத் தூக்கினேன். "வாங்க வாங்க, வாத்தியாரு வந்துட்டாரு" என்று தலைவர் மைக்கை நீட்டினார். முகங்கள் மலர்ந்தன.

"திருவிழாவுல நான் எங்க அக்காவப் பத்திச் சொன்னது பொய். அந்த ஊசியச் சொருகுனது நான். அக்காதான் மெயினத் தட்டிவிட்டு வீட்டக் காப்பாத்துச்சு. எனக்குத் தெரிஞ்ச மோட்டாரு விவரம்கூட பாதி அதுகிட்டக் கேட்டதுதான். ஆபரேட்டர் வேலைய அதுக்குக் குடுக்காததுக்கு என் பேச்சு காரணம்னா, அந்தத் தீர்மானத்த மறுபடி எடுக்கணும்." ஒரே மூச்சில் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒருவர், "ஆத்தாடி! அன்னைக்கு அந்த அணி, இன்னைக்கு எதிரணி!" என்றார். கொல்லென்று சிரித்தார்கள்.

"இல்லைய்யா, சத்தியமாச் சொல்றேன்..."

"அட, இருங்க வாத்தியாரே" என்று தலைவர் என் தோளில் கை போட்டார். "பிசிக்ஸ் படிச்ச மனுசன் ஃபியூஸ்ல கொண்டை ஊசியச் சொருகுவாரா? நாங்க என்ன ஒண்ணும் தெரியாதவுகளா? அது ஒங்க அய்யா வாயாலயே நாங்க கேட்ட கதையாச்சே! கூடப்பொறந்தவளுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க, அதுதான்யா மனசு. கை தட்டுங்கப்பா!"

தட்டினார்கள். திருவிழாவில் தட்டிய அதே கைகள். பெண்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும் என்று. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, உண்மை, உண்மை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். செயலர் அடுத்த தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்தார். அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தாள்.

பின்னாலேயே ஓடினேன். ஊருணிப் பக்கம் திரும்புகிற இடத்தில் நின்றாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். களைப்பாக இருந்தாள்.

"நான் நெசத்தத்தான் சொன்னேன்க்கா. அவுக நம்பல."

"எப்படிடா நம்புவாக? பொய்ய எம்புட்டு அழகாச் சொன்ன. நெசம் ஒன் வாயில வந்தா அதுவும் அதே மாதிரித்தான்டா இருக்கு." அப்புறம் கேட்டாள்: "நான் ஒண்ணு கேக்குறேன், செய்வியா?"

செய்கிறேன் என்றேன். தலைவர் வீட்டு வாசலில் போய் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருப்பேன்.

"இனிமே என்னையப் பத்தி எங்கிட்டும் பேசாத. நல்லதாக்கூடப் பேசாத." சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்துப் போனாள்.

நான் சரி என்று தலையாட்டினேன். அதை மீறித்தான் இதை எழுதியிருக்கிறேன். அவள் பெயரை எங்கேயும் போடவில்லை, ஊர்ப் பெயரையும் போடவில்லை. எங்கள் ஊரில் இதைப் படிப்பவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. வாத்தியார் நன்றாக எழுதியிருக்கிறார் என்பார்கள்.